அஜைல் டீமில் எதை எங்கே எழுதி வைப்பது? ஐந்து வழிகளை எடை போட்டுப் பார்த்தால்

37 என்ற எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு டீமில், பேமெண்ட் சேவையின் கான்ஃபிக் கோப்பில் (அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பு) ஒரு வரி இருந்தது: டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், 37 நொடி. ஏன் 37 என்று பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. புதிதாகச் சேர்ந்த டெவலப்பர் ஒருவர், நல்ல கெட்டிக்காரர், வேறு எதையோ சரிசெய்யப் போன இடத்தில் இதைப் பார்த்துவிட்டு 30 என்று மாற்றினார். ரிவ்யூ செய்தது நான்தான். எனக்கும் 37-ஐவிட 30 ஒழுங்காகத்தான் தெரிந்தது. மெர்ஜ் ஆனது (முதன்மை நிரலோடு சேர்ந்தது), டெப்ளாய் ஆனது (பயனர்களுக்குப் போய்ச் சேர்ந்தது), இரண்டு நாள் கழித்து ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது என்று புகார்கள் வரத் தொடங்கின.

காரணம் இதுதான். எதிர்ப்பக்கத்து கேட்வே, அதாவது பணத்தைப் பிடிக்கும் வெளிச் சேவை, நெரிசலான நேரங்களில் பதில் சொல்ல 35 நொடி வரை எடுத்துக்கொள்ளும். நாம் 30-இல் தொடர்பைத் துண்டித்தால் அங்கே பணம் பிடித்தாகியிருக்கும், இங்கே 'தோல்வி' என்று பதிவாகும், வாடிக்கையாளர் பாவம் மறுபடியும் கட்டுவார். அதனால்தான் யாரோ ஒரு புண்ணியவான் 35-உடன் 2 சேர்த்து வைத்திருந்தார்.

இதில் என்னை உறுத்தியது என்னவென்றால், அந்தக் காரணம் எழுதப்பட்டுத்தான் இருந்தது. விக்கியில் (டீமில் எல்லோரும் எழுதித் திருத்தும் இணையப் பக்கங்கள்), ஒரு கூட்டக் குறிப்பில், ஏழாவது பத்தியில்.

அஜைல் டீம்களில் (மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் டீம்கள்) ஆவணம் பற்றிப் பேச்செடுத்தாலே 'எழுதணுமா வேண்டாமா' என்றுதான் சண்டை போகும். ஆனால் என்னிடம் வந்து கேட்பவர்கள் மாட்டிக்கொண்டு நிற்பது வேறு இடத்தில். ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். விக்கியில் போடுவதா, நிரல் இருக்கும் ரெப்போவில் போடுவதா, நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் இருந்தால் போதுமா, கிளையன்ட் கேட்கும் அந்தத் தடி ஆவணத்தை என்ன செய்வது என்பதுதான் குழப்பம். அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

## முதலில் அந்த 2001 வரி

'அஜைல் என்றால் டாக்குமெண்டேஷன் கிடையாது' என்று சொல்பவர்கள் கைகாட்டும் இடம், 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கை. விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளையே பெரிதாக மதிக்கிறோம் என்று அதில் ஒரு வரி வரும். அதே பக்கத்தில் சில வரி தள்ளி, வலப்பக்கம் உள்ளவற்றுக்கும் மதிப்பு உண்டு, இடப்பக்கம் உள்ளவற்றை அதைவிட அதிகம் மதிக்கிறோம், அவ்வளவுதான் என்ற பொருளில் இன்னொரு வரியும் வரும். இந்த இரண்டாவது வரி பலர் கண்ணில் படுவதே இல்லை. இத்தனைக்கும் அந்த 17 பேரில் ஒருவர் வார்ட் கன்னிங்ஹாம், 1995-இல் உலகின் முதல் விக்கியை உருவாக்கியவர். எழுதி வைப்பதற்கு அவர் எதிரியாக இருந்திருப்பாரா என்ன?

அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டியும் கைகொடுக்காது. அதன் 2020 பதிப்பு பேசுவது மூன்று ஆர்ட்டிஃபாக்ட் பற்றி: ப்ராடக்ட் பேக்லாக் (மொத்த வேலைப் பட்டியல்), ஸ்பிரிண்ட் பேக்லாக் (ஸ்பிரிண்ட் என்ற குறுகிய வேலைச் சுற்றுக்கான பட்டியல்), இன்க்ரிமென்ட் (முடிந்த பகுதி). டிசைன் ஆவணமோ பயனர் கையேடோ எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. முடிவு டீமின் தலையில்.

## எதை வைத்து எடை போடுவது

எந்த வழியைப் பார்த்தாலும் ஐந்து கேள்விகளை நான் கேட்பேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

யார் படிக்கப்போகிறார்? நாளைக்குச் சேரப்போகும் டெவலப்பரா, நடுராத்திரி ஆன்கால் அழைப்பில் எழுந்த மனிதரா, டெஸ்டரா, கிளையன்டா, தணிக்கைக்கு வருபவரா? ஆளுக்கு ஆள் தேவை வேறு. 'எல்லோருக்குமாக' எழுதிய ஆவணத்தைப் பெரும்பாலும் யாருமே படிப்பதில்லை.

தப்பாகிப்போனால் யாருக்கு, எப்போது தெரியும்? என்னைக் கேட்டால் மற்ற நாலும் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. ஆவணம் இல்லாவிட்டால் ஆள் கேட்டுத் தெரிந்துகொள்வார். தப்பான ஆவணம் இருந்தால் அதை நம்பிக் காரியத்தில் இறங்கிவிடுவார். போன வருஷப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்த கதைதான்.

திருத்த எவ்வளவு செலவு? எழுதுவது ஒருமுறை, திருத்துவது ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும். எஸ்டிமேட் போடும்போது முதலாவதை மட்டும்தான் எல்லோரும் கணக்கில் எடுப்பார்கள்.

தேடினால் கிடைக்குமா? அதாவது, அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாத ஆளுக்குக் கிடைக்குமா?

கடைசியாக, 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் அங்கே தங்குமா? நிரல் என்ன செய்கிறது என்பதை நிரலைப் படித்தே கண்டுபிடித்துவிடலாம், நேரம்தான் ஆகும். 37 ஏன் 37 என்பதை எத்தனை நாள் உட்கார்ந்து படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

## வழி 1: முதலிலேயே முழு ஆவணம்

எஸ்ஆர்எஸ் (மென்பொருள் தேவைகளின் ஆவணம்), உயர்மட்ட டிசைன், கீழ்மட்ட டிசைன், கையெழுத்து, பிறகு நிரல். 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு, ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று போகும், வாட்டர்ஃபால் என்று இன்றைக்குத் திட்டு வாங்கும் அந்தப் படிக்கட்டுப் படம் அதில்தான் இருக்கிறது (அந்த வழியே ஆபத்தானது என்று அதே கட்டுரையில் அவர் எழுதியிருப்பதை யாரும் சொல்வதில்லை, பாவம் மனிதர்). 50 லட்சம் டாலருக்கு ஒரு வன்பொருள் வாங்க 30 பக்க விவரக்குறிப்பு போதும், அதே தொகைக்கு மென்பொருள் என்றால் ஏறக்குறைய 1500 பக்கம் வேண்டும் என்று அதில் கணக்கு சொல்கிறார்.

அந்த 1500 பக்கத்தின் மறைமுகச் செலவு, எழுதும் நேரம் மட்டும் கிடையாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஆகவே எல்லோரும் ஒன்றையேதான் நினைத்திருக்கிறார்கள் என்ற மயக்கம் இருக்கிறதே, அது இன்னும் பெரிய செலவு. 'பயனர் தன் ஆர்டரை ரத்து செய்யலாம்' என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய பிறகுமா? பாதி ஆர்டரையுமா? படிக்கும் ஆளுக்கு ஒரு படம் மனதில் ஓடும், அடுத்தவருக்கு வேறு படம் ஓடும், இருவரும் தலையாட்டுவார்கள். மூன்றாவது ஸ்பிரிண்ட் டெமோவில்தான் குட்டு உடையும். அப்போது நிரலை மாற்றுவார்கள், ஆவணம் அப்படியே கிடக்கும். அதற்குப் பிறகு அந்த ப்ராஜெக்டுக்கு இரண்டு உண்மைகள்.

அப்படியானால் இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? முடியாது. மருத்துவக் கருவி மென்பொருளுக்கு ஐஇசி 62304, விமான மென்பொருளுக்கு டிஓ-178சி என்று தர நெறிகள் இருக்கின்றன, அங்கே ஒவ்வொரு தேவைக்கும் டிசைன் எது, டெஸ்ட் எது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்ட வேலையிலும், மூன்று நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்து கடைசியில் இணைக்கும் வேலையிலும், எழுத்தில் இல்லாதது இல்லாததுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஐஇசி 62304 எந்த லைஃப் சைக்கிளையும் (வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை) கட்டாயப்படுத்துவதில்லை. மருத்துவக் கருவி மென்பொருளை அஜைலாகச் செய்வது எப்படி என்றே ஏஏஎம்ஐ என்ற அமெரிக்க மருத்துவக் கருவித் தர அமைப்பு 2012-இல் டிஐஆர்45 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. ஆக, ஆவணம் கட்டாயம் என்றால் அது முதல் மாதத்திலேயே முழுதாக முடிய வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு ஸ்டோரிக்கும் (பயனருக்கான ஒரு சிறு தேவை) உரிய பக்கத்தை அந்த ஸ்டோரியின் டெஃபினிஷன் ஆஃப் டன், அதாவது 'முடிந்தது' என்று சொல்ல என்னென்ன வேண்டும் என்ற பட்டியலிலேயே சேர்த்துவிடலாம். இப்படிச் செய்யாமல் ஒன்பது மாத வேலைக்கான ஆவணத்தைக் கடைசி மூன்று வாரத்தில், பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மாதிரி உட்கார்ந்து எழுதிய டீமைப் பார்த்திருக்கிறேன். கட்டியதை எழுதவில்லை, கட்டியதாக ஞாபகம் இருந்ததை எழுதினார்கள்.

## வழி 2: விக்கி

கான்ஃப்ளூயன்ஸ், நோஷன், ஷேர்பாயின்ட், எதுவானாலும் சரி. இதன் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய பலம்: யார் வேண்டுமானாலும் எழுதலாம். ப்ராடக்ட் ஓனர், டெஸ்டர், டிசைனர், சப்போர்ட் ஆள் என்று யாருக்கும் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) தெரிய வேண்டியதில்லை. படத்தை இழுத்துப் போடலாம், கமென்ட்டில் கேள்வி கேட்கலாம். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்தலாம்.

அதன் நோயும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால், திருத்த வேண்டியது இன்னார்தான் என்று யாரும் இல்லை. நிரல் ஒரு இடத்தில் மாறுகிறது, பக்கம் வேறொரு இடத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எந்தக் கயிறும் இல்லை. புல் ரிக்வெஸ்ட்டை (நிரல் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையை) பார்ப்பவருக்கு அப்படி ஒரு விக்கிப் பக்கம் இருப்பதே தெரியாது. பக்கம் பழசானால் மணி அடிக்காது. யாராவது அதை நம்பிக் கையைச் சுட்டுக்கொள்ளும் நாளில்தான் தெரியும்.

ஒரு காட்சி சொல்கிறேன், விக்கி வைத்திருக்கும் எந்த டீமிலும் பார்க்கலாம். தேடல் பெட்டியில் 'டெப்ளாய்' என்று அடித்தால் வருபவை: 'டெப்ளாய் செய்முறை', 'டெப்ளாய் செய்முறை புதியது', 'டெப்ளாய் செய்முறை (இதைப் பார்க்கவும்)', 'டெப்ளாய் செய்முறை நகல்', அப்புறம் யாரோ தன் சொந்தப் பக்கத்தில் எழுதி வைத்த ஒன்று. பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதுதான் சரியாக இருக்கும், அதில் கடைசியாகக் கை வைத்தவர் வேலையை விட்டுப் போய் வருடமாகியிருக்கும். நாலாவது பக்கத்தை உருவாக்கியவர் மேல் கோபப்படாதீர்கள். மூன்றாவதைத் திருத்த அவருக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அடுத்தவர் எழுதியதை அழிக்க யாருக்கும் மனம் வராது, புதிதாக ஒன்றைப் போடுவது எளிது. இப்படித்தான் விக்கி வீங்குகிறது.

மறைமுகச் செலவு என்றால் ஆளுக்கு இவ்வளவு என்ற உரிமக் கட்டணம் ஒன்று. அதைவிடப் பெரியது நம்பிக்கை. இரண்டு முறை தப்பான பக்கத்தைப் பார்த்து ஏமாந்தவர் மூன்றாம் முறை தேடவே மாட்டார், நேரே சாட்டில் 'யாருக்காவது தெரியுமா' என்று கேட்பார். அதற்குப் பிறகு விக்கியில் சரியாக இருக்கும் பக்கங்களும் வீண்தான்.

எங்கே இது நல்லது? மெதுவாக மாறும் விஷயங்களுக்கு. டொமைன் சொற்களின் அகராதி, யார் எந்த சேவைக்குப் பொறுப்பு, புதியவருக்கு முதல் வார வழிகாட்டி, ஒரு அம்சத்தை ஏன் செய்கிறோம் என்ற வணிகப் பின்னணி. நிரல் தெரியாதவர்கள் எழுத வேண்டிய எல்லாவற்றுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில் ஒரு பெயரும், 'கடைசியாகச் சரிபார்த்த தேதி' என்று ஒன்றும் இருக்கட்டும். திருத்திய தேதியும் சரிபார்த்த தேதியும் ஒன்றில்லை, எழுத்துப்பிழை திருத்தினாலும் திருத்திய தேதி மாறிவிடும்.

## வழி 3: நிரலோடு ஒரே ரெப்போவில்

ரீட்மீ (ரெப்போவின் அறிமுகக் கோப்பு), 'டாக்ஸ்' என்ற ஒரு ஃபோல்டர், எல்லாம் மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவத்தில். நிரலை மாற்றும் அதே புல் ரிக்வெஸ்ட்டில் ஆவணமும் மாற வேண்டும், ரிவ்யூ செய்பவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். எனக்கு இந்த வழியின் மேல் ஒரு சாய்வு இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காரணம் தூரம்தான். மாறும் பொருளுக்கும் அதைப் பற்றி எழுதியதற்கும் நடுவே எத்தனை கிளிக் இருக்கிறதோ, அத்தனைக்கு அத்தனை ஆவணம் சீக்கிரம் பொய்யாகும். ஒரே ரெப்போவில் இருந்தால் வரலாறும் சேர்ந்தே வரும். ஆறு மாதம் முந்தைய வெர்ஷனை எடுத்தால் ஆறு மாதம் முந்தைய ஆவணமும் கூடவே கிடைக்கும், விக்கியில் அதைச் செய்துபாருங்கள். படம் வேண்டுமென்றால் மெர்மெய்டில் எழுத்தாகவே வரையலாம், 2022 முதல் ரெப்போக்களை வைக்கும் கிட்ஹப் தளம் அதை மார்க்டவுன் கோப்புக்குள்ளேயே படமாகக் காட்டுகிறது. ஏபிஐ விவரங்களை (மற்ற நிரல்கள் நம் சேவையை அழைக்கும் முறை) ஓப்பன்ஏபிஐ என்ற பொது வடிவக் கோப்பாக வைத்தால் மனிதரும் படிக்கலாம், கருவிகளும் படிக்கலாம்.

இந்த வழியில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஏடிஆர். ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்டு என்பதன் சுருக்கம், முடிவுப் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம். 2011-இல் மைக்கேல் நைகார்டு பரப்பிய முறை. ஒரு முடிவுக்கு ஒரு கோப்பு, வரிசை எண், ஒன்றிரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பழைய முடிவு மாறினால் பழைய கோப்பை அழிப்பதில்லை, 'இதற்குப் பதில் இன்ன எண்' என்று குறித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதுவார்கள். 37 விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் எழுதியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

> 14. பேமெண்ட் டைம்அவுட் 37 நொடி
>
> நிலை: ஏற்கப்பட்டது
>
> சூழல்: கேட்வே பதில் தர அதிகபட்சம் 35 நொடி எடுக்கும். அதற்கு முன் நாம் துண்டித்தால் பணம் பிடித்தும் 'தோல்வி' என்று பதிவாகும்.
>
> முடிவு: 35 நொடி, நெட்வொர்க் தாமதத்துக்கு 2 நொடி. மொத்தம் 37.
>
> விளைவு: மோசமான நேரத்தில் பயனர் 37 நொடி காத்திருக்க நேரும். காத்திருப்புத் திரை தேவை. கேட்வே தன் வரம்பை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும்.

கூடவே கான்ஃபிக் வரிக்கு மேல் ஒரு கமென்ட்: 'மாற்றும் முன் ஏடிஆர் 14 பார்க்கவும்'. மொத்தம் இருபது நிமிட வேலை. ஏடிஆர் எழுதும்போது 'விளைவு' பகுதியில் நல்லதை மட்டும் எழுதுவது எல்லோரும் செய்யும் தப்பு. எதை விட்டுக்கொடுத்தோம் என்பதுதான் பின்னால் வருபவருக்குத் தேவை.

சாய்வு இருக்கிறது என்பதற்காகக் குறையை மறைக்க முடியாது. ப்ராடக்ட் ஓனரும் சப்போர்ட் ஆளும் ரெப்போவுக்குள் வரமாட்டார்கள், வரச் சொல்லி நிர்ப்பந்தித்தால் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். நாற்பது மைக்ரோசர்வீஸ் (தனித்தனியாக ஓடும் சிறு சேவை), நாற்பது ரெப்போ என்றால், ஐந்து சேவைகளைத் தொட்டுப்போகும் ஒரு விஷயத்தை எந்த ரெப்போவில் எழுதுவது? அதற்கென்று தனி ரெப்போ வைத்தால், தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக, நாம் தப்பித்து வந்த தூரம் திரும்பவும் வந்துவிடும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட புல் ரிக்வெஸ்ட், ரிவ்யூ, பைப்லைன் (தானாக ஓடும் சோதனைகள்) என்று காத்திருக்க வேண்டும் என்றால், பிழை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் ரிவ்யூ செய்பவர் ஆவணத்தைக் கேட்காவிட்டால் ஒரே ரெப்போவில் இருந்தும் பிரயோஜனமில்லை. மார்க்டவுனும் பழசாகும், விக்கியைவிடக் கொஞ்சம் மெதுவாக.

## வழி 4: டெஸ்ட்டே ஆவணம்

'நல்ல நிரலுக்கு ஆவணம் தேவையில்லை, டெஸ்ட்டைப் படி' என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தப்பானால் தானாகக் கத்தும் ஆவணம் இது ஒன்றுதான். இரண்டாவது கேள்வியில் இதற்கு முழு மதிப்பெண்.

இதன் இன்னொரு வடிவம், சாதாரண மொழியில் எழுதும் டெஸ்ட். குக்கும்பர் கருவியின் கெர்கின் மொழி தமிழையும் ஏற்கும், பலருக்கு இது தெரியாது:

> அம்சம்: ஆர்டர் ரத்து
>
> காட்சி: அனுப்பிய ஆர்டரை ரத்து செய்ய முடியாது
>
> கொடுக்கப்பட்ட ஆர்டர் அனுப்பப்பட்டுவிட்டது
>
> எப்போது பயனர் ரத்து பட்டனை அழுத்துகிறார்
>
> அப்பொழுது 'ரிட்டர்ன் செய்யவும்' என்ற செய்தி வர வேண்டும்

'எப்போது' என்பது தமிழில் கேள்விச் சொல், 'அழுத்தும்போது' என்றுதான் நாம் சொல்வோம். அந்தச் சொற்பட்டியலைப் பார்த்தாலே வேறு மொழியின் வாக்கிய அமைப்புக்குள் தமிழைத் திணித்தது தெரியும். போகட்டும். விஷயம் என்னவென்றால், முன்னால் கையெழுத்து வாங்கியும் குழப்பிய அந்த 'ரத்து செய்யலாம்' வரி இங்கே குழப்பத்துக்கு இடமில்லாமல் உட்கார்ந்துவிட்டது, யாராவது அந்த நடத்தையை மாற்றினால் பைப்லைன் சிவப்பாகிவிடும்.

மறைமுகச் செலவு: இந்த வரிகளை நிரலோடு இணைக்கும் ஸ்டெப் டெஃபினிஷன்களைப் பராமரிப்பது தனி வேலை. வணிகப் பக்கத்து ஆள் ஒருவராவது இந்தக் கோப்புகளைத் திறந்து படிக்கிறாரா? இல்லையென்றால் டெவலப்பர்கள் தங்களுக்காகத் தாங்களே ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்துகிறார்கள் என்று அர்த்தம். சாதாரண யூனிட் டெஸ்ட்டுக்கு (நிரலின் ஒரு சிறு துண்டைச் சோதிப்பது) ஒழுங்கான பெயர் வைத்தாலே போதும்.

ஐந்தாவதான 'ஏன்' கேள்வியில் இந்த வழி தோற்றுவிடும். டைம்அவுட் 37 என்று சரிபார்க்க ஒரு டெஸ்ட் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த டெவலப்பர் கான்ஃபிக்கையும் 30 ஆக்கி, டெஸ்ட்டையும் 30 ஆக்கி, நானும் இரண்டையும் பார்த்து ஓகே சொல்லியிருப்பேன். இப்போதெல்லாம் நிரலைக் கொடுத்தால் ஆவணம் எழுதித்தரும் ஏஐ கருவிகளும் இதே இடத்தில்தான் நிற்கும். நிரல் செய்வதை அழகாக விவரிக்கும். ஏன் 37 என்று கேட்டால், எங்கேயும் எழுதி வைக்காதபட்சத்தில், நம்பும்படியாக ஒரு காரணத்தைக் கற்பனை செய்து சொன்னாலும் சொல்லும்.

## வழி 5: டிக்கெட், சாட், வாய்ப்பேச்சு

வேலைச் சீட்டான டிக்கெட்டையும் பேச்சையும் நம்பி, எதையும் தனியாக எழுதாமல் விடுவது. நாலு பேர், ஒரே அறை, மூன்று மாத முன்மாதிரி என்றால் இதுதான் சரி, மேலே படித்ததையெல்லாம் மறந்துவிடுங்கள். அஜைல் அறிக்கையோடு வந்த 12 கோட்பாடுகளில் ஒன்று, தகவல் சொல்ல நேருக்கு நேர் பேசுவதே மிகச் சிறந்த வழி என்கிறது. 1985-இல் டென்மார்க் கணினி அறிஞர் பீட்டர் நவுர் இன்னும் ஒருபடி மேலே போனார். ஒரு ப்ரோக்ராம் என்பது அதை எழுதியவர்கள் மனதில் இருக்கும் புரிதல், அதை ஆவணத்தில் முழுதாக இறக்கிவைக்க முடியாது, அந்த ஆட்கள் கலைந்துபோனால் ப்ரோக்ராமே செத்த மாதிரிதான் என்றார். கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியலாம், ஆனால் பழைய டீம் மொத்தமும் போன ஒரு ரெப்போவைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் தலையாட்டுவார்கள்.

இதில் சிக்கல், பேச்சை எழுத்தாக நினைத்துக்கொள்வது. அஜைல் அறிக்கை எழுதியவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் யூசர் ஸ்டோரிக்குச் சொன்ன மூன்று பகுதிகள் அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல். அட்டை என்பது 'இதைப் பற்றிப் பேச வேண்டும்' என்பதற்கான ஞாபகச் சீட்டு மட்டும்தான். இரண்டு வருடம் கழித்து மூடிய டிக்கெட்டைத் தோண்டி எடுத்தால் அந்தச் சீட்டு இருக்கும், உரையாடல் இருக்காது. கமென்ட்டில் 'பேசியபடி மாற்றிவிட்டேன்' என்று இருக்கும். யாரோடு, என்ன பேசினீர்கள் ஐயா! சாட்டில் தேடலாம் என்றால் அது தனிச்செய்தியில் நடந்திருக்கும், அல்லது பழைய செய்திகள் அழிந்துபோயிருக்கும்.

## ஒரே பார்வையில்

| | முழு ஆவணம் | விக்கி | ரெப்போ | டெஸ்ட் | பேச்சு, டிக்கெட் |
|---|---|---|---|---|---|
| யாருக்கு | கிளையன்ட், தணிக்கை | எல்லோருக்கும் | டெவலப்பர், ஆன்கால் | டெவலப்பர், டெஸ்டர் | அப்போது இருந்தவர்களுக்கு |
| தப்பானால் தெரியுமா | தணிக்கையில்தான் | கையைச் சுட்ட பிறகு | ரிவ்யூவில், கவனித்தால் | உடனே | தெரியாது |
| திருத்தும் செலவு | மிக அதிகம் | குறைவு, ஆனால் ஆள் இல்லை | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | பூஜ்யம் |
| தேடினால் | ஒரே கோப்பு, கிடைக்கும் | கிடைக்கும், நாலு நகலோடு | நிரலுக்குப் பக்கத்திலேயே | பெயர் நன்றாக இருந்தால் | அதிர்ஷ்டம் |
| 'ஏன்' | சில சமயம் | எழுதினால் உண்டு | ஏடிஆரில் உண்டு | இல்லை | அந்த ஆள் இருக்கும்வரை |

## அப்படியானால் எதை எடுப்பது

ஒன்றை மட்டும் எடுத்தால் போதும் என்ற டீமை நான் பார்த்ததில்லை, மேலே சொன்ன நாலு பேர் டீமைத் தவிர. அவர்களுக்கும் ஒரு ரீட்மீ வேண்டும்: எப்படி ரன் பண்ணுவது, எப்படி டெப்ளாய் பண்ணுவது, எங்கே உடையும். அரை மணி நேர வேலை.

ஆறிலிருந்து பத்து பேர் வரை உள்ள, சொந்தமாக ஒரு ப்ராடக்ட் செய்யும் டீம் என்றால் ரெப்போவை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகளுக்கு ஏடிஆர், நடத்தைக்கு டெஸ்ட், நிரல் எழுதாதவர்களுக்காக விக்கியில் பத்துப் பன்னிரண்டு பக்கம், அதற்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள். ஆன்கால் ரன்புக் (கோளாறு வந்தால் என்ன செய்வது என்ற கையேடு) எங்கே இருக்க வேண்டும் என்று தனியாகக் கேட்பார்கள். ரெப்போவில் எழுதி, அலர்ட் செய்திக்குள்ளேயே அதன் லிங்க்கைப் போடுங்கள். நடுராத்திரி எழுந்தவரைத் தேட வைக்காதீர்கள். ரெப்போ சர்வரே விழுந்திருக்கும் ராத்திரிக்காக ஒரு நகல் வேறு இடத்திலும் இருக்கட்டும்.

வேறு வேறு நேர மண்டலங்களில் பிரிந்து கிடக்கும் டீமுக்கு எழுத்தின் அளவு தானாகக் கூடும், கூடவும் வேண்டும். அங்கே ஒரு கேள்விக்கு வாய்ப்பேச்சில் பதில் வாங்க ஒரு நாள் ஆகிறது. விவாதத்தையே எழுத்தில், ஏடிஆர் புல் ரிக்வெஸ்ட்டின் கமென்ட்களில் நடத்துங்கள். முடிவும் காரணமும் ஒரே இடத்தில் தங்கும், தனியாக யாரும் கூட்டக் குறிப்பு எழுத வேண்டாம்.

கிளையன்டுக்குச் செய்து ஒப்படைக்கும் வேலையில் அவர்கள் 200 பக்கம் கேட்டால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை யார், என்ன செய்யும்போது திறப்பார்? பதில் 'எங்கள் மெயின்டனன்ஸ் டீம்' என்றால் அந்த டீமில் ஒருவரைக் கடைசி மூன்று ஸ்பிரிண்டில் கூடவே உட்கார வைப்பது 200 பக்கத்தைவிட உதவும், கூட ஒரு முப்பது பக்கம் போதும். பதில் 'எங்கள் சட்டத் துறை' என்றால் வாதாடாமல் எழுதிக்கொடுத்துவிடுங்கள், அதற்கான நாட்களை எஸ்டிமேட்டில் தனி வரியாகக் காட்டி.

தணிக்கை உள்ள துறையா? முழு ஆவணம் தப்பாது. ஆனால் தேவை, டிசைன், டெஸ்ட் மூன்றையும் ரெப்போவில் துண்டு துண்டாக எண்ணிட்டு வைத்து, தணிக்கைக்குப் போகும் பெரிய ஆவணத்தை அவற்றிலிருந்து பைப்லைனே தொகுத்து எடுக்கும்படி செய்தால், கையால் ஒட்டுப்போடும் வேலை போகும். முதலில் அமைக்க நேரம் எடுக்கும், அதை மறைக்கவில்லை.

ஏற்கெனவே நானூறு பக்க விக்கி இருக்கிறது, இப்போது ரெப்போவுக்கு மாறணும் என்பவர்கள் எல்லாவற்றையும் மொத்தமாக நகர்த்த வேண்டாம். நாங்கள் அதைத்தான் முதலில் செய்தோம், நானூறு பழைய பக்கங்கள் நானூறு பழைய மார்க்டவுன் கோப்புகளாயின. இரண்டாவது தடவை விக்கியை வெறும் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, யாருக்காவது ஒரு பக்கம் நிஜமாகத் தேவைப்பட்டால் அவரே சரிபார்த்து எடுத்து வந்து ரெப்போவில் வைக்கட்டும் என்றோம். ஆறு மாதத்தில் வந்து சேர்ந்தவை முப்பத்தி சொச்சம். மீதியை யாரும் கேட்கவில்லை. அந்த முப்பதில் ஒன்று பழைய கூட்டக் குறிப்பு, ஏழாவது பத்தியை மட்டும் வெட்டி எடுத்து ஏடிஆர் 14-இன் அடியில் ஒட்டியிருக்கிறோம்.